சங்கத்தின் பெயருக்கு வந்த கவர்

வரிசையாகச் சொல்கிறேன் தம்பி. வரிசை மாறினால் நியாயம் மாறிவிடும்.

முதலாவது, எண்பத்தாறு, ஆடி மாதம். கம்பளி கொடுக்கிறோம் என்று காலையில் ஆள் கணக்கு எடுக்கும் மஸ்டர் கொட்டகையில் எல்லோரையும் நிற்க வைத்துக் கைநாட்டு வாங்கினார்கள். கம்பளி வந்தது. எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, நாங்கள் விரல் வைத்த தாளில் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் பின்னால் இருந்த காய்கறித் தோட்டம் முழுவதையும் எங்கள் சம்மதத்தோடு கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்திருந்தோம் என்று. அந்தத் தாளை யாரும் எங்களுக்குப் படித்துக் காட்டவில்லை.

இரண்டாவது, தொண்ணூற்றொன்று, மார்கழி. எஸ்டேட் மேனேஜர் துரையின் நாயை லைன் நாய் ஒன்று கடித்துவிட்டது. நோட்டீஸ் போர்டில் ஆங்கிலத்தில் ஒரு தாள் ஒட்டினார்கள். கிறிஸ்துமஸ் லீவு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு போனோம். மூன்றாம் நாள் துப்பாக்கியோடு ஒருவன் வந்து பதினொரு நாய்களைச் சுட்டான். என் நாய் சிப்பாய் என் வாசற்படியிலேயே விழுந்தது. என் மனைவி ஞானத்தங்கம் அப்போது கர்ப்பிணி. படியை அவள்தான் கழுவினாள். அந்தப் பிள்ளை தங்கவில்லை. அதை நான் இந்த வரிசையில் சேர்ப்பதில்லை. அதற்குச் சாட்சி இல்லை.

மூன்றாவது, தொண்ணூற்றெட்டு. டிஸ்பென்சரியில் இருந்த டாக்டரை எடுத்துவிட்டு, கம்பவுண்டரை மட்டும் வைத்தார்கள். அன்றிலிருந்து இருமலுக்கும் அதே வெள்ளை மாத்திரை, இடுப்பு வலிக்கும் அதே வெள்ளை மாத்திரை.

நான்காவது, இரண்டாயிரத்து ஏழு. மேற்கண்ட மூன்றையும் துண்டறிக்கையாக அடித்துக் கொடுத்தேன் என்று என்னை வேலையை விட்டு நீக்கினார்கள். அன்று முதல் நாங்கள் குடியிருக்கும் வீடு ஞானத்தங்கத்தின் பெயரில். அவள் ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதற்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது.

ஐந்தாவதுதான் நாய் ரத்தம். அதற்காகத்தான் இன்றைய கூட்டம். அதற்காகத்தான் உங்களைப் போகவிடாமல் உட்கார வைத்திருக்கிறேன்.

என் பெயர் வேதமணி. ஊசிமட்டம் எஸ்டேட், மேல் டிவிஷன் தொழிலாளர் சங்கச் செயலாளர். பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைதான். மீதியை எல்லாம் துண்டறிக்கைகள் சொல்லிக் கொடுத்தன. அந்த அலமாரியில் இருப்பவை அவ்வளவும் அவைதான். கரையான் தின்றது போக மிச்சம்.

உங்களை எதற்குப் பிடித்து வைத்தேன் என்றால், விதி ஏழு. எண்பத்தாறுக்குப் பிறகு நாங்கள் எழுதியது. எங்கள் பெயருக்கு வரும் எந்தக் காகிதமும் பதினைந்து பேர் முன்னிலையில் பிரிக்கப்பட்டு உரக்கப் படிக்கப்பட வேண்டும். படிப்பவர் ஒவ்வொரு வரிக்கும் நிறுத்த வேண்டும். கூடியிருப்பவர்கள் 'கேட்டோம்' என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அடுத்த வரி. பதினைந்தில் ஒருவர் வெளியாளாக இருக்கலாம், எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருந்தால். அந்தக் கடைசி வரியை நான்தான் சேர்த்தேன். இன்றைக்கு அந்த வெளியாள் நீங்கள். டவர் ரிப்பேர் செய்பவருக்குப் படிக்கத் தெரியாமல் இருக்குமா?

டவரைச் சரி செய்தீர்கள், நன்றி. பன்னிரண்டு நாளாக இந்தச் செல் ஊமையாகக் கிடந்தது. இப்போது பாருங்கள், மதியத்திலிருந்து துடித்துக்கொண்டே இருக்கிறது. ஏதோ புது நம்பர். ஆறு தடவை. நான் எடுப்பதில்லை. வாய்ப்பேச்சுக்குச் சாட்சி கிடையாது.

உங்கள் ஜீப் வாசலிலேயே நிற்கட்டும். யாரும் தொட மாட்டார்கள்.

கவர் இதுதான். வந்து பதினோரு நாள் ஆகிறது. அரக்கு முத்திரை உடையாமல் இருக்கிறதா, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் யாராவது கேட்டால் சொல்ல வேண்டும்.

ஐந்து வாரம் முன்பு ஒரு பெண் வந்தார். டாக்டர் நிலோபர். கால்நடைக் கல்லூரியில் மேல்படிப்பு. கையில் ஐஸ் பெட்டி, தோளில் பை, காலில் அட்டை கடித்த ரத்தம். நாய்களுக்கு ரத்தம் எடுக்க வந்தேன் என்றார். அவ்வளவுதான், ஆறு லைனிலும் கதவை அடைத்துவிட்டார்கள். நாயைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, சாக்கால் மூடி, அதன்மேல் விறகை அடுக்கினார்கள். தொண்ணூற்றொன்றை யார் மறப்பார்கள்?

நான்தான் விசாரித்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார்.

"மூணு விதமான நாய்ங்ககிட்ட ரத்தம் எடுக்கறோம் ஐயா. துரை பங்களாவுல வளர்றது, லைன் வீட்டுல வளர்றது, ஃபேக்டரி பக்கம் சும்மா திரியறது. உண்ணி கடிச்சு, கொசு கடிச்சு வர்ற நோய் எந்த இடத்து நாய்க்கு எவ்வளவு வருதுன்னு பார்க்கணும்."

"அதுக்கு ரத்தம் எதுக்கு டாக்டர்? வீட்டைப் பார்த்தாலே தெரியுமே."

சிரித்தார். "தெரியும் ஐயா. ஆனா காகிதத்துல இருந்தாத்தானே நம்புவாங்க."

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. யோசித்துப் பாருங்கள். முப்பத்தைந்து வருடமாக நான் தொண்டை கிழியக் கத்தியதை அந்தப் பெண் ஒரு படிவத்தில் மூன்று கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறார். வாழும் இடம்தான் உடம்பைத் தீர்மானிக்கிறது. நாய்க்கே அப்படி என்றால் மனிதனுக்கு? அன்றைக்கே தலைப்பு போட்டுவிட்டேன், 'நாய்களிலும் இரண்டு வர்க்கம்' என்று. அச்சுக்குக் கொடுக்க ரத்தப் பரிசோதனை முடிவு மட்டும்தான் பாக்கி.

என் நாயைத்தான் முதலில் பிடித்துக் கொடுத்தேன். பட்டாளம். கறுப்பு, ஒரு காது மடங்கியது. சிப்பாய்க்குப் பிறகு நாய் வேண்டாம் என்று இருந்தவள் ஞானத்தங்கம். இவன் குட்டியாக மழையில் வந்து நின்றபோது அவள்தான் உள்ளே விட்டாள். படிவத்தில் 'வளர்ப்பவர் பெயர்' என்ற இடத்தில் டாக்டர் என் பெயரை எழுதப் போனார். தடுத்துவிட்டேன். சோறு போடுபவள் அவள், உண்ணி பொறுக்குபவள் அவள், வீடும் அவள் பெயரில். அவள் பெயரை எழுதுங்கள் என்றேன்.

"எம் பேரு எதுக்குங்க காயிதத்துல?" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும். உழைக்கிறவங்க பேரு ஒரு காயிதத்துலயாவது இருக்கட்டும்" என்றேன். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

டாக்டர் ரத்தம் எடுத்து, உண்ணி இரண்டைக் குப்பியில் போடும்போதே ஞானத்தங்கம் பட்டாளத்தின் காதுக்குள் விரலை விட்டு உண்ணியைப் பிடுங்கிப் பிடுங்கி நகத்தில் நசுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது ஒரு வேலை. சாயங்காலம் பறித்த தேயிலைக் கொழுந்தை எடை நிறுத்துவிட்டு வந்தால் படியில் உட்கார்ந்து அதைத்தான் செய்வாள். ஆமணக்கு விதை மாதிரி ஊதிப்போன உண்ணி, பட் பட்டென்று வெடிக்கும்.

"அம்மா, கையால நசுக்காதீங்க" என்றார் டாக்டர். "மண்ணெண்ணெய்ல போடுங்க."

"மண்ணெண்ணெய்க்கு நாங்க எங்க போறது டாக்டர்? அதை உங்க கவர்மெண்டு குடுக்குமா?" என்று கேட்டேன். மறுபடி கைதட்டல். சோப்புத் தண்ணீர் இருந்தாலும் போதும் என்று அவர் ஏதோ சொன்னார். அந்தக் கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை.

இதோ, மயில்வாகனம் வருகிறான். வா. அது ஒன்பது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன், கவனமாகக் கேளுங்கள். முடிவு வந்ததும் பங்களா ஆபீசுக்கும் கம்பவுண்டருக்கும் போனில் சொல்லிவிடுவேன், ஆபத்தான கேஸ் இருந்தால் அன்றைக்கே மருந்து தொடங்கலாம் என்றார் டாக்டர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் நாயின் ரத்தத்தைப் பற்றித் துரைக்கு என்ன சேதி? அதை வைத்து மறுபடி துப்பாக்கியைக் கூப்பிட மாட்டான் என்று யார் கண்டது?

"லைன் நாய்ங்க முடிவு சங்கத்துக்குத்தான் வரணும்" என்றேன். "தமிழ்ல வரணும். தபால்ல வரணும். முத்திரை போட்டு வரணும்."

"ஐயா, காய்ச்சல் விஷயம். நாள் கடத்தினா கஷ்டம்."

"எங்களுக்கு நாள் கடத்தறது புதுசில்ல டாக்டர். ஏமாத்தறதுதான் பழசு."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நகல் கோப்பில் இருக்கிறது. இந்த எஸ்டேட்டின் வரலாற்றில் பங்களாவைத் தாண்டி நேராகத் தொழிலாளியின் பெயருக்கு ஒரு அரசாங்கக் கவர் வந்தது இதுதான் முதல் தடவை. சும்மா வந்துவிடவில்லை.

வந்ததும் என்ன நடந்தது? முதல் கூட்டத்துக்கு மழை, ஏழு பேர். இரண்டாவது கூட்டத்துக்கு ஆறு பேர். ஆளாளுக்கு வீட்டில் காய்ச்சல் என்றார்கள். மூன்றாவது கூட்டத்தன்று நான்காம் லைன் சன்னாசி செத்துப்போனார். பெரியவர், தனிக்கட்டை, கட்டையன் என்று ஒரு நாயைக் கட்டிக்கொண்டு தூங்குவார். மழைக்காலக் காய்ச்சல். எழுபது வயதுக்கு மேல். எல்லோரும் அடக்கத்துக்குப் போய்விட்டார்கள். நாய் மட்டும் அந்த வீட்டு வாசலில் மூக்கில் ரத்தம் ஒழுகக் கிடந்தது. முந்தாநாள் அதுவும் போய்விட்டது.

இந்த மயில்வாகனம் இருக்கிறானே, இவன் கேலி பேசுவான். "செகரட்டரி, கவரை இன்னும் எத்தனை நாளைக்கு அடை காப்பீங்க? குஞ்சு பொரிச்சா சொல்லி அனுப்புங்க." சிரிக்கட்டும். எண்பத்தாறில் இவன் அப்பன்தான் கம்பளிக்கு முதல் கைநாட்டு வைத்தவன்.

ஆனால் பங்களாவில் என்ன நடந்தது தெரியுமா? டவர் விழுவதற்கு முந்தின நாளே போன் வந்துவிட்டது. துரையின் பெரிய நாய்க்கு உண்ணிக் காய்ச்சல். அன்றைக்கே மாத்திரை, அன்றைக்கே நாய்க் கூண்டுக்கு மருந்தடிப்பு. பங்களா பட்லர், இருதயம் என்று பேர், அவனுக்கும் காய்ச்சலாம். அந்த நாயைக் குளிப்பாட்டுவது அவன்தானே. அவனை வேனில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றே நாளில் எழுந்து பரிமாற வந்துவிட்டான். இதைத்தான் சொல்கிறேன். பங்களா நாய்க்கு முதலில் சேதி, லைன் நாய்க்குக் கடைசியில் சேதி. ஐந்தாவது அநியாயம் இதுதான். எழுதிவிட்டேன்.

அந்த இருதயம் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். ஞானத்தங்கம் அன்றுதான் படுத்தாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. எனக்குக் குடுத்ததுல ஒரு அட்டை மாத்திரை மிச்சம் இருக்கு. அக்காவுக்கும் எனக்கு வந்த மாதிரியே தெரியுது. ஆஸ்பத்திரியில காட்டிட்டு, அவங்க சொன்னா இதைக் குடுங்க."

"பங்களா மிச்சம் எங்களுக்கு வேணாம்" என்றேன்.

"மிச்சமில்லண்ணே, மருந்து."

திருப்பிக் கொடுத்துவிட்டேன். திருப்பிக் கொடுத்ததற்கு அவனிடம் எழுதியும் வாங்கிக்கொண்டேன். நாளைக்கு வேதமணி பங்களாவில் கை நீட்டினான் என்று ஒருவன் சொல்லக் கூடாது.

ஞானத்தங்கம் படுத்து ஆறாவது நாள் இன்று. ஒன்றுமில்லை, சளிக்காய்ச்சல். கம்பவுண்டரின் வெள்ளை மாத்திரைதான் போகிறது. தலை உடைகிறது என்கிறாள். உள்ளங்கை முழுக்கச் சிவப்புப் புள்ளி. அது நோயில்லை தம்பி, செடிக்கு அடிக்கிற மருந்தின் வேலை. கையுறை கேட்டு மூன்று மனு கொடுத்திருக்கிறேன். அந்தக் கையைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், அடுத்த துண்டறிக்கைக்கு. பாதத்திலும் இருக்கிறது. ஓட்டைப் பூட்ஸ் கொடுத்தால் மருந்துத் தண்ணீர் இறங்காதா? இடுப்பில் பீடியால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. கூடைக் கயிறு அறுத்தது. ஒரே உடம்பில் மூன்று கோரிக்கைக்கு அத்தாட்சி இருக்கிறது. எந்தக் கோர்ட்டிலும் காட்டலாம்.

நேற்றிலிருந்து கொஞ்சம் பிதற்றுகிறாள். "படியைக் கழுவணும், படியைக் கழுவணும்" என்கிறாள். இன்று காலையில் என்னைப் பார்த்து, "துப்பாக்கிக்காரன் போயிட்டானா?" என்று கேட்டாள். போய்விட்டான், முப்பது வருடம் ஆகிறது என்றேன். பட்டாளம் அவள் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறான். சோறு வைத்தால் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அவனுக்கு அவள்மேல் அவ்வளவு பாசம்.

அதெல்லாம் வேண்டாம் தம்பி, உட்காருங்கள். உங்கள் நல்ல மனசுக்கு நன்றி. ஜீப்பில் டவுனுக்கு ஒன்றரை மணி நேரம்தான், எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் புஷ்பமும் காலையில் அதையேதான் சொன்னாள், எஸ்டேட் வேனைக் கேளுங்கள் என்று. துரையின் வேனைக் கேட்டுவிட்டு நாளைக்கு அவன் எதிரில் நின்று நான் எப்படிப் பேசுவது? உங்கள் ஜீப் என்றால் பரவாயில்லை. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கூட்டம் முடியட்டும். நீங்கள் போய்விட்டால் வெளியாள் கிடையாது. வெளியாள் இல்லையென்றால் நான்காவது தடவையும் கூட்டம் நடக்காது. உங்களைப் போல ஒருவர் இந்த மலைக்கு மறுபடி எப்போது வருவார்?

நான் நெஞ்சில்லாதவன் என்று நினைக்காதீர்கள். போன வருடம் மயில்வாகனத்தின் மகளுக்கு நர்சிங் கல்லூரியிலிருந்து சங்கத்தின் பெயருக்குக் கடிதம் வந்தது. சேரக் கடைசி நாள் நெருங்குகிறது, பிரியுங்கள் என்று அவன் என் காலில் விழுந்தான். பிரிக்கவில்லை. பதினைந்து பேர் சேர்ந்த பிறகுதான் பிரித்தேன். நாள் கடந்துவிட்டது. அவன் மகளுக்காக உடைக்காத விதியை என் பெண்டாட்டிக்காக உடைப்பேனா? அதுவும் இந்தக் கவருக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? இது நாய்க் கணக்கு.

வாருங்கள், வாருங்கள். கொழுந்து நிறுத்தாகிவிட்டதா? மூன்றாம் லைன்காரர்கள் நான்கு பேர். பதிமூன்று. நம் தம்பியைச் சேர்த்தால் பதினான்கு. இன்னும் ஒரே ஒரு ஆள்.

மறுபடி அதே நம்பர். அடிக்கட்டும்.

யாரது ஓடி வருவது? புஷ்பமா? மெதுவாக வா, படி வழுக்கும்.

"அண்ணே! அக்கா கண்ணு தொறக்க மாட்டேங்குதுண்ணே. தண்ணி ஊத்துனா கடவாய்ல வழியுது. நாயி வேற ஊளையிடுது. எந்திரிச்சு வாங்கண்ணே!"

வருகிறேன். இரு. புஷ்பம், நீ சந்தாதாரர்தானே? நீ பதினான்கு. தம்பி பதினைந்து. கதவை மூடுங்கள்.

"உங்களுக்கு என்ன கல்லாண்ணே மனசு?"

ஐந்து நிமிடம், புஷ்பம். இந்த ஐந்து நிமிடத்துக்குப் பதினோரு நாள் காத்திருந்தேன். படித்து முடித்ததும் இந்தத் தம்பியின் ஜீப்பில் எல்லோரும் சேர்ந்து தூக்கிப்போகலாம். தம்பி, முத்திரை உடையாமல் இருந்ததைப் பார்த்தீர்கள் அல்லவா? எல்லோரும் பார்த்தீர்களா? உடைக்கிறேன்.

'ஊசிமட்டம் மேல் டிவிஷன் தொழிலாளர் சங்கச் செயலாளர் அவர்களுக்கு.' சொல்லுங்கள்.

கேட்டோம்.

'தங்கள் டிவிஷனில் ரத்தம் எடுக்கப்பட்ட இருபத்திரண்டு நாய்களில் ஒன்பதுக்கு உண்ணிகளால் பரவும் நோயின் அடையாளம் உள்ளது. பங்களா நாய்கள் நான்கில் ஒன்றுக்கு உள்ளது.'

கேட்டோம்.

பார்த்தீர்களா! இருபத்திரண்டில் ஒன்பது. நான் என்ன சொன்னேன்? தம்பி, நான் என்ன சொன்னேன்? சரி. சரி, புஷ்பம், படிக்கிறேன்.

'கீழ்க்கண்ட இரண்டு வீடுகளின் நாய்களிலிருந்து எடுத்த உண்ணிகளில், மனிதர்களுக்கும் காய்ச்சலை உண்டாக்கும் கிருமி இருக்கிறது.'

கேட்டோம்.

'இவ்வீடுகளில் யாருக்கேனும் காய்ச்சல், கடும் தலைவலி, உள்ளங்கையிலும் பாதத்திலும் சிவப்புப் புள்ளிகள், உடம்பில் எங்கேனும் கருகியது போன்ற புண்...' எழுத்து சின்னதாக இருக்கிறது. 'கருகியது போன்ற புண் இருந்தால்...'

சொல்லுங்கள். ஏன் பாதிப் பேர் சொல்லவில்லை? மயில்வாகனம், நீயாவது சொல்.

"கேட்டோம், செகரட்டரி."

'இக்கடிதம் கிடைத்த அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும். தொடக்கத்தில் எளிய மாத்திரையிலேயே குணமாகிவிடும். தாமதித்தால் உயிருக்கு ஆபத்து. தங்களைப் போனில் தொடர்புகொள்ள முயன்றுவருகிறேன்.'

தம்பி, சாட்சி நடுவில் எழுந்திருக்கக் கூடாது. சாவியை ஏன் எடுக்கிறீர்கள்? இல்லை, எடுங்கள். வண்டியைத் திருப்பி ஆறாம் லைன் பக்கமாக நிறுத்துங்கள். கதவைத் திறந்து வையுங்கள், அங்கிருந்தே உங்களுக்குக் கேட்கும். புஷ்பம், நீ ஓடு. அவளுக்குக் கம்பளி போர்த்து. இன்னும் இரண்டே வரி. நான் படித்துவிட்டு வருகிறேன். படிக்காமல் வைக்கக் கூடாது. படிக்காமல் வைத்ததால்தானே இவ்வளவும்.

'ஒன்று. நான்காம் லைன், ஐந்தாம் வீடு. நாயின் பெயர் கட்டையன். வளர்ப்பவர் பெயர் சன்னாசி.'

சொல்லுங்களய்யா. அவர் இல்லாவிட்டால் என்ன? சொன்னால்தானே நான் அடுத்த வரிக்குப் போக முடியும். யாராவது சொல்லுங்கள்.

சரி, நானே சொல்லிக்கொள்கிறேன். கேட்டோம்.

'இரண்டு. ஆறாம் லைன், மூன்றாம் வீடு. நாயின் பெயர் பட்டாளம். வளர்ப்பவர் பெயர்...'

யாரும் என்னைப் பார்க்காதீர்கள். காகிதத்தைப் பார்க்கிறேன். உரக்கத்தான் படிக்கிறேன். 'வளர்ப்பவர் பெயர், ஞானத்தங்கம்.'